டிரிப் ஆகுதுன்னா பெரிசா ஒண்ணு போடு

"ஏய்யா, நம்ம வீட்டுல மீன் வாடை அடிக்கு" என்றார் ஆச்சி போனில். போன மே மாதம், ராத்திரி பத்தரை மணி. ஆச்சி சுத்த சைவம். கல்லிடைக்குறிச்சியில் முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டு வாசலை முட்டைகூடத் தாண்டி வந்ததில்லை. "எலி கிலி செத்துக் கெடக்கோன்னு மச்சு பூரா தேடிட்டேன். ஒண்ணையும் காணும். மாடி ரூமுக்குள்ள போனாத்தான் வருது."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வயரிங் வேலை பார்க்கிறவனுக்கு அந்த வாடை தெரியும். சுவிட்ச், ஹோல்டர், பிளக்கெல்லாம் செய்கிற பிளாஸ்டிக்கில் சில வகை, அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் புகை விடாது. மீன் கவிச்சிதான் விடும். "ஆச்சி, நீங்க ஒண்ணும் தேட வேண்டாம். மெயினை அமத்திட்டு எல்லாரும் கீழ வந்து திண்ணைல உக்காருங்க. இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு சேரன்மகாதேவியிலிருந்து பைக்கை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், மாடி அறை பிளக் பாயிண்ட் ஓரத்தில் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. உத்தரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜங்ஷன் பாக்ஸின் மூடியைக் கழற்றினேன். உள்ளே முறுக்கிய ஜாயின்ட், டேப்போடு சேர்ந்து கரியாகிக் கிடந்தது. அதிலிருந்து போகிற வயரை லேசாக வளைத்தேன். மேலுறை பொடபொடவென்று நொறுங்கி விழுந்தது. கல்லிடைக்குறிச்சி வீடல்லவா, அப்பளம் ஞாபகம்தான் வந்தது.

அப்புறம் கீழே வந்து, வீட்டு லைன்களெல்லாம் பிரிந்து போகிற டி.பி. பாக்ஸைத் திறந்தேன். மாடி லைனில் பளபளவென்று புது எம்.சி.பி. ஒன்று. ஆம்பியர் கூடினால் தானாக விழுந்து, அதாவது டிரிப் ஆகி, கரண்ட்டை நிறுத்துகிற சுவிட்ச் அது. 32 ஆம்பியர். பாக்ஸுக்கு மேலேயே தூசியோடு பழைய 16 ஆம்பியர் கிடந்தது. கழற்றியவன் அதை எடுத்துக்கொண்டுகூடப் போகவில்லை.

நடந்தது இதுதான். அந்த லைனில் ஒரு ஏ.சி. பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கோடைக்கு மகன் குடும்பம் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் புழுங்குகிறது என்று பக்கத்து அறைக்கு இன்னொரு ஏ.சி. வாங்கினார்கள். மாட்ட வந்தவர்கள் கைக்கு எட்டின பிளக் பாயிண்டிலிருந்து அதற்கும் லைன் இழுத்துவிட்டார்கள். இரண்டு ஏ.சி.யும் ஓடும்போது யாராவது இஸ்திரிப் பெட்டி போட்டால் எம்.சி.பி. விழுந்தது. சில நேரம் இரண்டு கம்ப்ரசரும் ஒன்றாக எழும்பும்போதும் விழுந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவை. தெரிந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து ஐந்து நிமிஷத்தில் 32 போட்டுவிட்டுப் போய்விட்டான்.

"அதுக்கப்புறம் ஒரு தடவைகூட விழலையே! கைராசிக்காரப் பையன்னுல்லா நெனச்சேன்" என்றார் ஆச்சி.

விழாது. அதுதானே கோளாறு.

எம்.சி.பி. எதற்கு இருக்கிறது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர், "ஏ.சி.யைக் காப்பாத்த, ஃபிரிட்ஜைக் காப்பாத்த" என்பார்கள். இல்லை. அது சுவருக்குள் இருக்கிற வயரைக் காப்பாற்ற. ஏ.சி. கெட்டால் வேறு வாங்கலாம், வயர் கெட்டால் வீடு போகும். அதனால் எம்.சி.பி.யின் அளவை எது ஓடுகிறது என்று பார்த்து மட்டும் போடக்கூடாது. அந்த வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அதற்குக் கீழே போட வேண்டும். லோடைவிட எம்.சி.பி. பெரிசு, எம்.சி.பி.யைவிட வயர் பெரிசு. இந்த வரிசை மாறினால் காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்ட கதை.

ஆச்சி வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1988இல் கட்டிய வீடு. மாடி லைனில் அந்தக் கால 3/20 வயர். அதாவது 20 கேஜ் கம்பி மூன்று சேர்த்து முறுக்கியது. இன்றைய அளவில் 2 ஸ்கொயர் எம்.எம்.முக்குக் கொஞ்சம் குறைவு. அட்டவணையைப் பார்த்தால், பைப்புக்குள் போகிற இந்த அளவு செப்பு வயருக்கு 20, 21 ஆம்பியர் வரை கொடுக்கலாம். பல பேர் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அந்த அட்டவணை 30 டிகிரிக்குப் போட்டது என்பதைப் பார்ப்பதில்லை. சாதாரண பி.வி.சி. வயரின் உள்கம்பி 70 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. சுற்றிலும் 30 என்றால் சூடாக இன்னும் 40 டிகிரி இடம் இருக்கிறது. நம் ஊர் கத்திரி வெயிலில், நாள் முழுக்கக் காய்ந்த மொட்டை மாடிக் கான்கிரீட்டுக்குள் போகிற பைப்பில் 45க்குக் குறையாது. இடம் 25 டிகிரிதான். அதற்கு 0.79ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். அதே பைப்பில் இன்னும் இரண்டு லைன் கூடப் போகிறது. மூன்றும் ஒன்றையொன்று சூடாக்கும். அதற்கு 0.7. பெருக்கிப் பார்த்தால் 12 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது.

ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று 8 ஆம்பியர் சுமாருக்கு எடுக்கும். இரண்டும் சேர்ந்து ராத்திரி முழுக்க 16. இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் 21ஐத் தொடும். சூடு ஆம்பியரோடு நேராக ஏறுவதில்லை. ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 12 தாங்குகிற வயரில் 16, 17 ஓடினாலே சூடு கிட்டத்தட்ட இரட்டிப்பு. 21 ஓடினால் மூன்று மடங்குக்கு மேல்.

அந்த 32 ஆம்பியர் எம்.சி.பி. என்ன செய்யும்? 32 என்று எழுதியிருந்தால் 32இல் விழும் என்று நினைக்கக் கூடாது. எழுதியிருப்பதைப் போல் 1.13 மடங்கு வரை, அதாவது 36 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரம் அது வாயே திறக்கக் கூடாது என்பதுதான் விதி. 1.45 மடங்கு, அதாவது 46 ஆம்பியர் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். 21 ஆம்பியரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த லைனுக்குப் பழைய 16கூட அதிகம், 10தான் போட்டிருக்க வேண்டும். இருந்தாலும் அந்த 16 தன்னால் முடிந்த மட்டும் கத்தியது. அதன் வாயைத்தான் அடைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரிந்தது முதலில் ஜாயின்ட்தான். தளர்ந்த ஜாயின்ட்டை எந்த எம்.சி.பி.யும் கண்டுபிடிக்காது. ஓடுகிற ஆம்பியர் கூடவில்லையே, அந்த ஒரு இடத்தில் மட்டும்தானே சூடு. 16 இருந்திருந்தாலும் என்றாவது ஒருநாள் அது கரிந்திருக்கலாம். 32 அதைப் பத்து நாளில் செய்துவிட்டது.

இவ்வளவு சொல்கிறேனே, அந்தப் பையனை நான் திட்டினேனா என்றால், இல்லை. போன் போட்டு வரச் சொல்லி, கரிந்த வயரைக் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான். ஏனென்றால் அதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன்.

பேட்டை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து முடித்து வெளியே வந்த புதிது. களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு வாழைத் தோட்டம். சொந்தக்கார மாமா ஒருவருடையது. புதிதாக போர் போட்டு 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கினார்கள். மோட்டார் ரூமிலிருந்து போர் இருக்கிற இடம் 200 மீட்டர். போருக்குள் மோட்டார் 100 மீட்டர் ஆழத்தில். ஆக 300 மீட்டர் கேபிள். "5 எச்.பி.க்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். போதும்" என்று கடையில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். 9 ஆம்பியர் மோட்டார்தானே, 2.5 கேபிள் 9 ஆம்பியரைத் தாங்காதா? தாங்கும். கேபிள் சூடாகவே இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆனால் தூரம் என்று ஒன்று இருக்கிறதே. 2.5 கேபிளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 8 ஓம் வைத்துக்கொள்ளுங்கள். 300 மீட்டருக்கு 2.4 ஓம். மூன்று பேஸ் ஆதலால் 1.73ஆல் பெருக்கி, 9 ஆம்பியரால் பெருக்கி, பவர் ஃபேக்டர் 0.8ஆலும் பெருக்கினால் 30 வோல்ட் கேபிளிலேயே போய்விடுகிறது. அது ஓடும்போது. ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த நேரத்தில் 100 வோல்ட்டுக்கு மேல் போகும். அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் மோட்டார் போட்டிருக்கிற நேரத்தில், 415 வோல்ட் வர வேண்டிய ரூமிலேயே 370தான் காட்டும். இதில் 100 போனால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? வோல்டேஜ் முக்கால் பங்கானால் இழுவை பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். வோல்டேஜ் இன்னும் இறங்கினால் இழுவை அதைவிட வேகமாக இறங்கும். மோட்டார் முக்கி முக்கி எழும்பும். ஓட ஆரம்பித்த பிறகும் வோல்டேஜ் குறைவை ஈடுகட்ட 9க்குப் பதில் 11, 12 ஆம்பியர் இழுக்கும்.

மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் நிறுத்துவதற்காக ஸ்டார்ட்டரில் இருக்கிற ஓவர்லோடு ரிலே இதைப் பார்த்து அரை மணிக்கு ஒரு தடவை விழுந்தது. மாமா ஒவ்வொரு தடவையும் வாழைக்குள்ளிருந்து ஓடி வந்து பட்டனை அமுக்கினார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு விட்டார். "எலே மாப்ளே, இதுக்கு ஒரு வழி பண்ணுல. நான் தண்ணி பாய்ச்சவா, பட்டனுக்குக் காவல் இருக்கவா?"

நான் ஸ்குரூ டிரைவரை எடுத்து ரிலேவை 9இலிருந்து 14க்குத் திருப்பினேன். சரியாகிவிட்டது. மாமா கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார். இரண்டு மாதத்தில் மோட்டார் காயில் எரிந்து போச்சு. திரும்பக் கட்டி இறக்கினார்கள். மழைக்கு முன்னால் மறுபடியும் போச்சு. "கம்பெனி சரியில்ல மாமா" என்று நான் சொன்னேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

மூன்றாம் தடவை காயில் கட்டுகிறவர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "கேபிள் எம்புட்டு நீளம்வே?" சொன்னேன். "என்ன சைஸ்?" சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு துண்டுப் பேப்பரில் மேலே எழுதிய இதே கணக்கைப் போட்டுக் கையில் கொடுத்தார். 6 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 30 வோல்ட் இழப்பு 12 ஆகிறது. கேபிளை மாற்றினோம், ரிலேவை 9க்குத் திருப்பினேன். அப்புறம் அது விழவில்லை. இந்தத் தடவை விழாமல் இருந்ததற்குக் காரணம் வேறு.

அந்த நீளக் கேபிளில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. எனக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. கேபிள் நீளம் கூடக் கூட, அந்தக் கோடியில் ஷார்ட் ஆனாலும் ஆம்பியர் குறைவாகத்தான் வரும். நான் போட்ட அந்த 2.5இல் மோட்டார் பக்கத்தில் இரண்டு பேஸ் ஒட்டிக்கொண்டால் போய்வர 4.8 ஓம். 415ஐ அதால் வகுத்தால் 86 ஆம்பியர்தான். ரூமில் நான் மாட்டியிருந்ததும் ஒரு 32 ஆம்பியர் சி வகை. அது டப்பென்று விழ வேண்டுமானால் ஐந்திலிருந்து பத்து மடங்கு, அதாவது 160க்கு மேல் வேண்டும். 86 வந்தால் சூடாகி மெதுவாக விழ ஒரு நிமிஷம் வரைகூட எடுக்கலாம். 2.5 கேபிளோ அந்த 86ஐப் பத்துப் பன்னிரண்டு நொடிதான் தாங்கும். ஷார்ட் ஆகாமல் இருந்தது நம் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, திருக்குறுங்குடி மலைநம்பி புண்ணியம்.

சி வகை என்றேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன். எம்.சி.பி.யில் எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து இருக்கும். பி என்றால் மூன்றிலிருந்து ஐந்து மடங்கில் உடனே விழும். சி என்றால் ஐந்திலிருந்து பத்து. ஏ.சி., மோட்டார் மாதிரி எழும்பும்போது உதைக்கிற சாமானுக்கு பி போட்டால் சும்மா சும்மா விழும். அந்த மாதிரி இடத்தில் மாற்ற வேண்டியது எழுத்தை, எண்ணை இல்லை. இது தெரியாமல்தான் பாதி வீட்டில் 16 போய் 32 வருகிறது.

கோயில் கொடை சீசனில் இன்னொரு கூத்து பார்க்கலாம். மைக் செட்டுக்காரர்கள், லைட் போடுகிறவர்கள் ஐம்பது மீட்டர் கேபிளை உருளையில் சுற்றி வைத்திருப்பார்கள். பத்து மீட்டர்தான் வேண்டும் என்றால் பத்தை மட்டும் இழுத்துவிட்டு, மீதி நாற்பதைச் சுற்றினபடியே விட்டுவிடுவார்கள். சுற்றி வைத்த கேபிளுக்குள் காற்று போகாது. விரித்துப் போட்டால் தாங்குகிறதில் பாதிகூட அப்போது தாங்காது. நாங்குநேரிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கொடையில், சாமக்கொடை முடிந்து விடியும் நேரத்தில் உருளையைத் தூக்கினால், கேபிள் முழுக்க ஒரே கட்டியாக உருகி ஒட்டியிருந்தது. அறுத்துப் பார்த்தோம், பனங்கிழங்கு மாதிரி வரிவரியாக இருந்தது. அங்கேயும் ஜெனரேட்டர் பக்கம் ஃபியூஸ் கட்டையில் செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி 0.2 மில்லிமீட்டர், 15 ஆம்பியருக்கு அரை மில்லிமீட்டர். தலைமுடி தடிமனுக்கும் தையல் நூல் தடிமனுக்கும் இடையில்தான் காவல் முழுக்க இருக்கிறது. கைக்குக் கிடைத்த கம்பியைச் சுற்றினால் என்ன ஆகும்.

இன்னும் ஒரு வகை வாயடைப்பு உண்டு. அது 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. தாமிரபரணி ஏறி திருநெல்வேலி டவுனுக்குள் வந்தபோது பல வீட்டில் மீட்டர் போர்டு வரை தண்ணீர். வடிந்த பிறகு இரண்டு மூன்று வாரம், வயரில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கிற மெகரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன். 500 வோல்ட்டில் சோதித்து ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டினால்தான் லைனைக் கொடுப்பேன். ஈரச் சுவருக்குள் கால், அரைக்கால் என்றுதான் காட்டும். கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கிற சுவிட்சான ஆர்.சி.சி.பி. இருந்த வீடுகளில் அது நிற்கவே இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டியதுதானே அதன் வேலை. "இந்தச் சனியனைக் கழத்திட்டு நேரா குடுத்துருங்க அண்ணாச்சி" என்று எத்தனை பேர் கேட்டார்கள். காயட்டும், பொறுங்கள் என்றால் கோபம். பிள்ளைகள் ஈரத் தரையில் ஓடுகிற வீட்டில் அதைக் கழற்றச் சொன்னார்கள்.

திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணில் அதைக் கழற்றவே கூடாது. அந்தச் செம்மணல் காய்ந்து கிடக்கும்போது எர்த் சரியாக எடுக்காது. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினாலும், கோடையில் 40 ஓம் காட்டுகிற குழிகளைப் பார்த்திருக்கிறேன். கிரைண்டர் பாடியில் பேஸ் தொட்டது என்று வையுங்கள். 230ஐ 40ஆல் வகுத்தால் 6 ஆம்பியருக்குக் கீழே. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை ஏதோ இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கிரைண்டர் பாடியில் கரண்ட்டு அப்படியே நிற்கும், யாராவது தொடுகிற வரை. அங்கே எம்.சி.பி. கணக்கெல்லாம் எடுபடாது. ஆர்.சி.சி.பி. ஒன்றுதான்.

சரி, ஆச்சி வீட்டுக்கு வருகிறேன். மாடிக்குக் கான்கிரீட்டுக்குள் போகாமல், வடக்குச் சுவரின் நிழல் பக்கமாக வெளியே பைப் போட்டு ஏறினேன். பார்க்க அழகாக இல்லை என்று மகன் முகம் சுளித்தார். ஒரு ஏ.சி.க்கு ஒரு லைன், தனித்தனிப் பைப்பில், இரண்டுக்கும் 4 ஸ்கொயர் எம்.எம். 40 டிகிரிக்குக் கழித்தாலும் 27 ஆம்பியர் தாங்கும். அதற்கு 20 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. ஓடுவது 8. அதாவது 8, 20, 27. இதை டி.பி. மூடிக்கு உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தேன். பழைய மாடி லைனில் கரிந்த பகுதியை மாற்றி, விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு பிளக்குக்கும் மட்டும் விட்டு, 10 ஆம்பியர் மாட்டினேன். மெயினுக்குப் பக்கத்தில் ஒரு ஆர்.சி.சி.பி. நடுவில் ஜாயின்ட் போட மாட்டேன் என்று இரண்டு சுருள் வயர் வாங்க வைத்ததில் செலவு கூடிப்போச்சு. ஆச்சி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "இது விழுந்தா என்ன செய்யணும்?" என்று மட்டும் டீச்சர் குரலில் கேட்டார். ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், நிற்கவில்லை என்றால் எனக்குப் போன் போடுங்கள் என்றேன்.

ஆகஸ்டில் போன் வந்தது. "ஏய்யா, விழுந்துட்டு. ஒரு தடவை தூக்குனேன், நிக்கல. அப்புறம் தூக்கல. பக்கத்து வீட்டுப் பையன் பெரிசா ஒண்ணு வாங்கிப் போட்டா நிக்கும்னான். கையத் தட்டி விட்டுட்டேன்."

போய் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். வெளியே இருக்கிற ஏ.சி. பெட்டிக்குப் போகும் கேபிளில், பைப்பு முடிகிற இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கடித்துக் குதறியிருந்தது. உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது.

"எலியாய்யா?" என்று கீழேயிருந்து ஆச்சி கேட்டார்.

பக்கத்து முருங்கை மரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அணில் ஆச்சி" என்றேன்.

"அப்ப மருந்து வைக்காண்டாம்" என்றார். "பைப்பை இன்னும் கொஞ்சம் நீட்டி விட்டுட்டு வா."